பன்னிரண்டு சைக்கிளும் ஒரு புரையும்

ரப்பர் ஷீட் காயப்போடும் மூங்கில் கழிகளில் சைக்கிள்களைத் தலைகீழாகத் தொங்கவிடலாம் என்பது சத்தியராஜின் யோசனை. ஒன்பது தொங்கியாயிற்று. பத்தாவதை அவன் கீழிருந்து தாங்கிப் பிடிக்க, ஏணியில் நின்ற அவன் மனைவி ராகேல் பழைய டியூபை வெட்டிய வாரால் வீலைக் கழியோடு இறுக்கிக் கட்டினாள்.

"பைய பிடிங்க. எனக்க தலையில வந்து விழப்போவுது."

"ஒனக்க தலைக்கு ஒண்ணும் ஆவாது பிள்ளே. சைக்கிளுக்கு ஏதாவது ஆச்சுன்னாத்தான் கஷ்டம்."

அவள் மேலிருந்தபடியே அவன் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் இப்படிச் சிரிக்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அருமனை ஜங்ஷனில் சத்தியராஜுக்குச் சைக்கிள் கடை இருந்தது. கட்டடத்துச் சொந்தக்காரர் மாடி கட்டப் போகிறேன் என்று இடித்துப்போட்டார், கடை போயிற்று. பிறகு, தோட்டக்காரன் ஜெஃப்ரினிடம் ராகேல் முன்பிருந்தே செய்துவந்த ரப்பர் வெட்டுக் கூலி மட்டும்தான் கஞ்சி. மரத்தைக் கீறி எடுத்த பாலை, வீட்டை ஒட்டிய கொட்டகையான இந்தப் புரைக்குத்தான் கொண்டுவருவாள். ஆசிட் கலந்து டிஷ்ஷில் உறைய வைத்து, மெஷினில் ஷீட்டாக அடித்துக் கழியில் போடுவாள். புரை சத்தியராஜின் அப்பா கட்டியது. மெஷினும் பாலும் ஆசிட்டும் ஜெஃப்ரினுடையவை. இப்போது ஆனி மழையில் வெட்டு இல்லை, புரை சும்மா கிடந்தது.

இந்தப் பன்னிரண்டு சைக்கிளும் ஜெஃப்ரினுடையவைதான். திற்பரப்பு அருவிப் பக்கம் அவன் நடத்தும் விடுதியில், வருகிறவர்கள் சுற்றிப் பார்க்க வாங்கிப் போட்டவை. மழைக்கு விடுதியை அடைத்துவிட்டு, பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு அவனே வந்தான். சத்தியராஜைவிடப் பதினைந்து வயது இளையவன்.

"அண்ணே, ஓணத்துக்குக் கேரளாவுல இருந்து ஆளு வரும். அன்னைக்கு எல்லாம் புதுசு மாதிரி நிக்கணும். ஒழுங்கா பாத்துக்கிட்டீங்கன்னா மாசாமாசம் சர்வீஸ் ஒங்களுக்குத்தான். கூட்டாளிமாருக்க விடுதியில உள்ளதையும் வாங்கித் தாறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. ஜன்னலுக்குப் பலக அடிச்சு, கதவப் பூட்டி வைக்கணும். ஒரு வண்டி காணாம போவப்பிடாது."

"எனக்க பிள்ளைய மாதிரி பாத்துக்கிடுவேன் மொதலாளி" என்றான் சத்தியராஜ். பிள்ளை இல்லாத வீடு அது. ராகேல் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

இடித்த கடையின் கதவுப் பலகையை இரண்டு ரப்பர்மரக் கட்டைமேல் வைத்து மேசையாக்கினான். அதில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸை முடுக்கினான். சுவரில் ஆணி அடித்து ஸ்பேனர்களை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டான், எதை எடுத்தாலும் அதன் இடம் தெரியவேண்டும். பழைய கடையின் பெயர்ப்பலகையை உள்ளேயே மாட்டினான். உள்ளே மாட்டினால் எவன் பார்ப்பான் என்று ராகேல் கேட்டாள். நான் பார்க்கிறேன்லா, போடி என்றான். பன்னிரண்டு சைக்கிளுக்கும் வீல் கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, தூசி விழாதபடி மேலிருந்து பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, அடிப்பக்கத்தை மட்டும் திறந்து விட்டான். ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவிழ்த்துத் துடைத்தால் போதும்.

ஆடி பிறந்ததும் மழை குறைந்தது. ஜெஃப்ரின் போன் செய்தான். வெட்டில் மழை படாமல் மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் கட்டியாயிற்று, ஷீட்டுக்கு நல்ல விலை, வெட்டு தொடங்கவேண்டும்.

"பால எங்க கொண்டு உறைய வைக்கது?" என்று கேட்டாள் ராகேல்.

"சைக்கிளுக்கு அடியில எடம் கெடக்குல்லா" என்றான் சத்தியராஜ்.

டிஷ்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்தன. கீழ்க் கழிகளில் ஷீட் தொங்கியது. காற்றில்லாமல் ஷீட் காயவில்லை. ஜன்னலில் அடித்த பலகை ஒன்றை எடுக்கட்டுமா என்று சத்தியராஜ் போனில் கேட்டான். "வேண்டாம்ணே. மழையிலதான் கள்ளன்மாரு சுத்துவானுவ" என்றான் ஜெஃப்ரின். பலகை அப்படியே இருந்தது.

ராகேலின் தங்கை லிஜி ஒருநாள் வந்தவள், புரை வாசலிலேயே சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "எப்பிடிக்கா இதுக்குள்ள நிக்கிய? ஆசிட்டுல கண்ணு எரியுது."

"எனக்கு ஒண்ணும் தெரியல்லயே. ஒனக்கு டவுண் மூக்கு" என்று ராகேல் சிரித்தாள். இருபது வருடமாக அவள் மூக்குக்கு அந்த மணம் தெரிவதில்லை. அவனுக்கும்தான்.

ஓணத்துக்கு எட்டு நாள் இருக்கையில் சத்தியராஜ் முதல் சைக்கிளின் பிளாஸ்டிக்கை அவிழ்த்தான். ரிம் முழுக்கச் சொறி பிடித்ததுபோல் துரு. கம்பிகள் சிவந்திருந்தன. பெடலை அழுத்தினான், செயின் வளையவில்லை. பதறிப்போய் எல்லாவற்றையும் அவிழ்த்தான். பன்னிரண்டும் அப்படித்தான். மண்ணெண்ணெய் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். துருவோடு பளபளப்பும் உரிந்து வந்தது. கடவுளே, இத்தனை வருடம் சைக்கிளோடு கிடந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டான். ராகேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ஜெஃப்ரின் பிக்கப்போடு வந்தான். ஒரு ரிம்மை விரலால் தடவி, விரலைப் பார்த்தான்.

"என்னண்ணே இது?"

"ஆசிட்டுக்க ஆவி மொதலாளி. பூட்டிக் கெடந்ததுனால வெளிய போவல்ல. ஜன்னலத் தொறக்கட்டான்னு அன்னைக்கே..."

"ஷீட்டுக்குத்தானே தொறக்கணும்னீங்க? சைக்கிளுக்குன்னு சொன்னியளா? இது தெரியாம என்ன சைக்கிள் கடக்காரரு?"

 கேட்டது சரிதான் என்றே சத்தியராஜுக்குப் பட்டது.

"ரிம்மு, செயின் எல்லாம் நீங்கதான் மாத்தித் தரணும். சர்வீஸுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

டிரைவர் சைக்கிள்களை ஏற்றினான். ஜெஃப்ரின் கீழ்க் கழியிலிருந்து ஒரு ஷீட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "ஷீட்டு நல்லா வந்திருக்கு அக்கா" என்றான். அடுக்கி வைத்திருந்த ஷீட்டும் வண்டியில் ஏறியது.

வெளியே கூரை இறவாரத்தின் கீழ் ராகேலின் சைக்கிள் நின்றது. தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் அதில்தான் போவாள், அதில்தான் பால் கொண்டுவருவாள். இரண்டு மாத மழையும் நனைந்த வண்டி. சத்தியராஜ் தினமும் துடைத்து எண்ணெய் விட்டதில், ரிம்மில் ஒரு புள்ளி துரு இல்லை. ஜெஃப்ரின் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பெண்டாட்டிக்க வண்டி மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கு என்னா? மத்தது செரியாவுற வரைக்கும் இது விடுதியில நிக்கட்டும்."

"அவ வெட்டுக்குப் போற வண்டி மொதலாளி" என்று சத்தியராஜ் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான். ஜெஃப்ரின் டிரைவரைப் பார்த்துத் தலையை அசைத்தான். டிரைவர் வந்து சீட்டைப் பிடித்ததும் சத்தியராஜின் கை தானாக இறங்கிற்று.

கேரியரில் கட்டியிருந்த இரண்டு பால் வாளியையும் டிரைவர் அவிழ்த்து, ராகேலின் காலடியில் வைத்துவிட்டு, சைக்கிளை வண்டியில் ஏற்றினான்.

ஜெஃப்ரின் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். "நாளைக்கு மழை இல்லேன்னா வெட்டு உண்டு அக்கா. நேரத்தே வந்திருங்க."

"செரி மொதலாளி" என்றாள் ராகேல்.

வண்டி திரும்பிப் போனது. அவள் ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு வாளியையும் எடுத்துக்கொண்டு, கழுவி வைக்கக் கிணற்றடிக்கு நடந்தாள்.