இந்தப் பக்கம் குஞ்சு, அந்தப் பக்கம் தீவனம்

முட்டையை உடைத்து வெளியே வரும் குஞ்சு, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்து மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் தாங்காது. இன்று மூன்றாம் நாள். எல்லைக் கேட்டில் நின்ற வேனில் முப்பது பெட்டி, மூவாயிரம் குஞ்சு. பொரிப்பகத்துக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், பெட்டித் துளையில் காதை வைத்தாள். நேற்றைவிடச் சத்தம் குறைந்திருந்தது.

குஞ்சு வாங்கும் பண்ணைகள் கேட்டுக்கு அப்பால் அந்த நாட்டில். குஞ்சுத் தீவனம் அரைக்கும் ஆலையும் அங்கேதான். அவளுக்கு வரவேண்டிய தீவன லாரி எதிர்க் கேட்டில், கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்றது. முந்தாநாள் இரண்டு தலைநகரங்களும் ஒன்றையொன்று வைதுகொண்டதில் இரண்டு கேட்டும் சாத்தியாயிற்று. பெரிய மனிதர்களுக்குக் கோபம் வந்தால் சாத்தக் கதவு இருக்கிறது. குஞ்சுக்கு என்ன இருக்கிறது?

எட்டாவது முறையாகக் கேட் அதிகாரியிடம் போனாள். நிலைமை சரியில்லாதபோது ஏனம்மா முட்டையை அடைவைத்தாய் என்று அவர் சலித்துக்கொண்டார்.

"குஞ்சு பொரிய இருபத்தோரு நாள் ஆகும் சார். நான் அடைவெச்ச அன்னைக்கு ரெண்டு பேரும் கை குலுக்கிட்டுத்தான் இருந்தாங்க."

அவர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கேட் மட்டும் திறக்கவில்லை.

அந்த நாட்டோடு வியாபாரமே கூடாதென்று வேனுக்குப் பின்னால் ஒரு கூட்டம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. மைக் பிடித்த தம்பி அவளைத் துரோகி என்றுகூடச் சொல்லிவிட்டான். மதியம் ஒரு பெட்டி முழுவதும் அடங்கிப்போனது. அதைத் தனியே எடுத்து வைத்தாள். மீதி எல்லாவற்றுக்கும் தானியம் உடைத்துப் போட அவள் ஒருத்தியால் ஆகாது. பத்துப் பத்தாகப் பிரிந்தால் எந்த வீட்டிலும் பிழைக்கும். வியாபாரம் போனால் போகட்டும் என்று பெட்டிகளை இறக்கி அந்தக் கூட்டத்திடமே நீட்டினாள்.

"சும்மாவே எடுத்துட்டுப் போங்க. சாக மட்டும் விட்டுடாதீங்க."

கோஷம் நின்றது. ஆளுக்குக் கொஞ்சமாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தம்பி ஒரு முழுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனான்.

நான்கு மணிக்குக் கேட் திறந்தது. யார் யாரிடம் பேசினார்களோ, ஒருவரும் சொல்லவில்லை. தீவன லாரி வந்து காலி வேனுக்குப் பக்கத்தில் நின்றது. குஞ்சு எங்கே அக்கா என்று டிரைவர் கேட்டார். அவள் வேன் படியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள்.

எதிரே யாரோ தொண்டையைச் செருமினார்கள். மைக் தம்பிதான். கையில் அதே பெட்டி. வீட்டில் போட்ட தானியத்தைக் குஞ்சு ஒன்றுகூடத் தொடவில்லையாம்.

"அக்கா, அந்தத் தீவன மூட்டையிலேர்ந்து கொஞ்சம் கிடைக்குமா?"

மூட்டை மேல் அந்த நாட்டு முத்திரை பெரிதாக இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தையலைப் பிரித்தாள். அவன் முத்திரையைப் பார்க்கவே இல்லை. சட்டையை விரித்து ஏந்திக்கொண்டு நின்றான்.