அறுபத்தைந்தாவது தாள்

சுரை விதைத்தால் அறுபத்தைந்தாம் நாள் முதல் காய் பறிக்கலாம். எங்கள் மாடியில் அப்படித்தான். விதைப் பாக்கெட்டின் முதுகில் ஐம்பத்தைந்து என்று போட்டிருக்கும். அது வேறு ஏதோ ஊரின் கணக்கு. மந்தைவெளியில், மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், உப்புக் காற்றும் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் சேர்ந்து பத்து நாளைத் தின்றுவிடும். ஒன்பது வருடம் எழுதி எழுதிக் கண்டுபிடித்தது இது.

எழுதுவது காலண்டர் தாளில். அய்யாதுரை மளிகைக் கடையில் வருடா வருடம் கொடுக்கும் தினசரி காலண்டர். ஏதாவது விதைக்கிற அன்று அந்தத் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பென்சிலால் எழுதுவேன். என்ன விதை, எத்தனை, எந்த மண் பை, மழையா வெயிலா, வீட்டில் அன்று நடந்தது ஒரு வரி. பிறகு சமையலறை ஆணியில் தொங்கும் கிளிப்பில் மாட்டிவிடுவேன். நடந்தது அங்கே போகும். நடக்கவேண்டியதற்குத் தாள்களை முன்னோக்கி எண்ண வேண்டும். முளைக்கிற நாள், உரம் வைக்கிற நாள், பறிக்கிற நாள் என்று கிழிபடாத தாள்களின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் குறித்து வைப்பேன். நான் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்கிறவள். திரும்பி வரவேண்டிய தேதியை முன்கூட்டியே போட்டு வைப்பது கைக்குப் பழகிப் போனது.

ஜனவரி ஆறாம் தேதி சாயங்காலம் மூன்று சுரை விதைகளை ஊன்றினேன். மூன்றுதான் இருந்தன. எங்கள் பள்ளியில் ஆயாவாக இருந்த ஹாஜிரா பீ கொடுத்த குடுவைச் சுரை. திருவல்லிக்கேணியில் அவர் குடியிருந்த வீட்டு மாடியில் காய்த்தது. ஹாஜிரா பீ இப்போது மகளோடு வாணியம்பாடியில் இருக்கிறார். அந்த மாடியில் செல்போன் கோபுரம் நிற்கிறது. போன ஐப்பசி மழையில் என் கொடியும் அழுகியது. இந்த மூன்றில் ஒன்றாவது பிழைத்து, ஒரு காயாவது கொடியிலேயே முற்றிக் காய்ந்தால்தான் மறுபடியும் எனக்கு விதை.

கையைக் கழுவிவிட்டு, காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். ஏழாவது தாளில் 'சுரை முளை' என்று எழுதினேன். பதினாறாவது தாளில் என் தம்பி லாய்டின் எழுத்து இருந்தது. நீலப் பேனா.

'ரிஜிஸ்டர் ஆபீஸ் 10.30. அக்கா ஆதார், போட்டோ 2.'

லாய்ட் காலண்டரில் எழுதுவது புதிதல்ல. சிலிண்டர் பதிந்த நாள், வண்டி சர்வீஸ், கோயில் கூட்டம் எல்லாம் எழுதுவான். அக்கா என்று எழுதியிருந்ததால்தான் நின்றேன். பிறகு எண்ணிக்கையை விட்டுவிடாமல் மேலே போனேன். பிப்ரவரி இரண்டில், 'மேடவாக்கம் வாடகை வீடு பார்க்க.' மார்ச் ஒன்றில், 'மாடி காலி. பை, மண் எல்லாம். வேலு ஆள் கொண்டு வருவான்.' சுரை பறிக்க வேண்டிய அறுபத்தைந்தாவது தாள் மார்ச் பன்னிரண்டு. அதில், 'சாவி ஒப்படைப்பு. காலை 11.'

என் கீழ் மூலைக்கு நேர் மேலே அவன் எழுதியிருந்தான். அவனும் ஒரு பட்டம் பார்த்து விதைத்திருக்கிறான்.

இந்த வீடு அப்பா பவுல்சாமி துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்து வாங்கியது. எங்கள் இரண்டு பேர் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. லாய்டும் அவன் மனைவி ஆலிஸும் நானும் இதில்தான் இருக்கிறோம். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட பில்டர் ஒருவர் கேட்கிறார் என்பது இரண்டு வருடப் பேச்சு. பேச்சாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலண்டரை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளிப்பை எடுத்தேன். நவம்பர் பத்தொன்பதாம் தேதித் தாள் கிடைத்தது. என் எழுத்துதான். 'மழை விடவில்லை. வெந்தயம், 4ஆம் பை, நிழலில். தண்ணீர் இணைப்பு மாற்ற லாய்ட் கையெழுத்து வாங்கினான், நாலு இடத்தில்.'

நினைவு வந்தது. என் கையெல்லாம் மண். சாப்பாட்டு மேசை ஓரத்தில் காகிதங்களை மடித்துப் பிடித்துக்கொண்டு "இங்கக்கா, இங்க, இங்க" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். கிழிந்த பக்கம் இருக்கிறதா என்று புரட்டாமல் ஒரு புத்தகத்தைத் திரும்ப வாங்கமாட்டேன் நான். அன்றைக்கு ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. அவன் மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பி, இரண்டும் ஒன்றை ஒன்று ஊதிக்கொண்டு எரிந்தன.

ராத்திரி சாப்பாட்டில் உப்பு போதுமா என்று ஆலிஸ் கேட்டதற்குத் தலையசைத்தேன்.

மறுநாள் பந்தலுக்கு மூங்கில் நட்டேன். எங்கள் காவல்காரர் வேலு கழிகளை மாடிக்குத் தூக்கி வந்து போட்டுவிட்டு, பையில் நிரப்பியிருந்த புது மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, இம்மாம் பெரிய பந்தல் போட்டுக்கினு கீற? மார்ச்சுல எல்லாத்தையும்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கீழ கேட்டு தொறந்து கீது" என்று படியில் மறைந்தார்.

வேலுவுக்குத் தெரிந்திருக்கிறது. கீழ் வீட்டு வேலைக்காரிக்கும் தெரிந்திருக்கும். இந்தக் கட்டடத்தில் இந்தச் செய்தி போய்ச் சேராத ஒரே ஆள், அதில் கையெழுத்துப் போட்டவள்.

கொஞ்ச நேரத்தில் லாய்ட் மேலே வந்தான். பந்தலைச் சுற்றி வந்து பார்த்தான். "சூப்பரா இருக்குக்கா. கயிறு பத்துமா? மார்க்கெட் பக்கம்தான் போறேன், வாங்கிட்டு வரட்டா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. நல்ல தம்பியின் முகம். கயிறு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். நைலான் கயிறு, இருபது மீட்டர். கட்டிய முடிச்சு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இறுக்கினேன்.

எட்டாம் தேதி இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டேன்.

"இருபத்திரண்டாம் தேதி எனக்கு எங்க வேலை?"

லாய்ட் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "இருபத்திரெண்டா? எதுக்கு?"

"காலண்டர் சொல்லுது."

நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். அங்கே எட்டு என்ற எண் தொங்கியது. அவன் வாயிலிருந்து முதலில் வந்தது மன்னிப்பு இல்லை.

"நீ கிழிச்ச தாள்லதானக்கா எழுதுவ? முன்னாடி தாளெல்லாமா புரட்டுவ?"

"அதான் உன் கவலையா?"

"இல்லக்கா. நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? லாரி வந்த பிறகா?"

"பாத்ரூம் சீலிங்ல கம்பி தெரியுது, நீ பாக்கலையா? இன்னொரு மழைக்கு நம்ம தலையிலதான் விழும். ஆறு வீட்ல அஞ்சு வீடு ஓகே சொல்லிட்டாங்க. லிஃப்ட் வருது. நீ படியில நின்னு நின்னு முட்டியப் புடிச்சுக்கிட்டு ஏறுறல்ல? உனக்காகவும்தான்."

அவன் சொன்னது எல்லாம் உண்மை. உண்மையாக இருந்ததுதான் என்னை இன்னும் எரித்தது. அந்தக் கம்பியை நானும் தினமும் பார்க்கிறேன். பொய் சொல்லி வாங்க வேண்டிய கையெழுத்தே இல்லை அது.

"கேட்டிருந்தா போட்டிருப்பேன்" என்றேன்.

"கேட்டா நீ பேசுவியா?" அவன் குரல் ஏறியது. "அப்பாவை எந்தக் கல்லறையில வைக்கறதுன்னு கேட்டேன். ரெண்டு நாள் பதில் இல்ல. பாடிய வச்சுக்கிட்டு ஃபாதர் முன்னால நான் நின்னேன். என் கல்யாணத்துக்குத் தேதி கேட்டேன். ரெண்டு நாள். சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. பில்டர் ரெண்டு நாள் வெயிட் பண்ணுவானா?"

"நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் எத்தன ரெண்டு நாள் இருக்கு? எண்ணிப் பாத்தியா?"

தட்டைத் தள்ளினான். "இப்ப என்ன அதுக்கு? நீ சைன் பண்ணிட்ட. தெரிஞ்சுதான் பண்ண. பில்டர் பேப்பர்னு நான் அப்பவே சொன்னேன்."

அதுவரை உட்கார்ந்துதான் இருந்தேன். எழுந்து போய்க் கிளிப்பிலிருந்து நவம்பர் தாளைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை.

"வெந்தயம், நாலாம் பை, நிழலில். இதைப் போய் யார்கிட்ட காட்டப் போற? வெந்தயத்தை சாட்சிக்குக் கூப்பிடுவியா?"

"என்னைக் கூப்பிடலாம்" என்றாள் ஆலிஸ்.

அடுப்பைப் பார்த்தபடியேதான் சொன்னாள். தோசைக்கல்லில் ஒன்று கருகிக்கொண்டிருந்தது. "அன்னிக்கு நான் இங்கதான் காபி ஆத்திக்கிட்டு நின்னேன். தண்ணி கனெக்‌ஷன்னுதான் சொன்னீங்க. அண்ணிகிட்ட சொல்லுங்க, சொல்லுங்கன்னு நானும் ரெண்டு மாசமா சொல்றேன்."

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருந்தேன். அதான் தப்பு."

எனக்கு ஆலிஸ் மேலும் கோபம் வந்தது. இரண்டு மாதம். தினம் மாடிக்கு வந்து கீரை பறித்துக்கொண்டு போனாள்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. முதல் மாடி கருணாகரன். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர். கையில் பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள். எங்கள் சத்தம் படி வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். நுழையும்போதே சமாதானக் குரலில் வந்தார்.

"ஜொவிட்டா மேடம், டென்ஷன் ஆகாதீங்க. நவம்பர்ல நீங்க போட்டது வெறும் சம்மதக் கடிதம்தான். இருபத்திரெண்டாம் தேதி நீங்களே நேர்ல வந்து ரேகை வச்சாத்தான் எதுவுமே செல்லும். அதுவரைக்கும் ஒண்ணுமே நடக்கல, புரியுதா?"

லாய்ட் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சு நின்றது.

"நல்லாப் புரியுது சார்" என்றேன். "அப்போ இன்னும் ஒண்ணும் நடக்கல."

காலண்டரை ஆணியிலிருந்து எடுத்தேன். லாய்டின் சட்டைப் பையிலிருந்தே பேனாவை உருவினேன். இருபத்திரண்டில் ஒரு கோடு. பிப்ரவரி இரண்டில் ஒன்று. மார்ச் ஒன்றில் இரண்டு கோடு போட்டதில் தாள் கிழிந்தது. பன்னிரண்டாம் தேதியில் அவன் எழுத்தை மட்டும் அடித்தேன். கீழ் மூலையை விட்டுவிட்டேன்.

"இருபத்திரண்டாம் தேதி எனக்கு ஸ்கூல் இருக்கு. மாடியில யாரும் கை வைக்கக் கூடாது. சுரை காய்ஞ்சு நான் விதை எடுக்க மே பதினொண்ணு ஆகும். அதுவரைக்கும் நான் எந்த ஆபீஸுக்கும் வரமாட்டேன்."

கருணாகரனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஒரு சுரைக்காய்க்காக ஆறு குடும்பத்த நிறுத்தி வைப்பீங்களா மேடம்?"

"மத்த அஞ்சு வீட்லயும் எப்படிக் கேட்டீங்க?"

"உக்கார வச்சுப் பேசினோம். ரெண்டு மூணு சிட்டிங்."

"ஆறாவது வீட்ல ரெண்டு பேர் சார். ஒருத்தர்கிட்ட யாரும் பேசல. என் தம்பி தண்ணிக் குழாய்னு சொல்லி சைன் வாங்கினது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் உறையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அது உங்க ஃபேமிலி விஷயம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். படியில் விளக்கைப் போடக்கூட மறந்துவிட்டார்.

ஆலிஸ் கருகிய தோசையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். லாய்ட் எழுந்து கை கழுவினான், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். நவம்பர் தாளைக் கையில் எடுத்து முன்பக்கம், பின்பக்கம் புரட்டினான். அவன் என் தாள்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. வெளியே தெருவில் கடைசிப் பூக்காரி கத்திக்கொண்டு போனாள். பிரிட்ஜ் ஓடி நின்றது.

"அக்கா" என்றான். நான் திரும்பவில்லை.

"மே வரைக்கும் பில்டர் நிப்பானான்னு தெரியல."

நான் திரும்பவில்லை.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். சின்ன வயதில் அப்பாவிடம் மார்க் ஷீட்டைக் கொண்டுபோய் நிற்கும்போது அப்படிச் செருமுவான்.

"இந்த வீட்ட இடிச்சுக் கட்டலாமாக்கா? உனக்கு ஓகேவா?"

கேட்டுவிட்டான். இரண்டு வருடம் கழித்து, பொய் உடைந்து, அண்டை வீட்டுக்காரர் எதிரில் மானம் போன பிறகு, ஆறு வார்த்தையில் கேட்டு முடித்துவிட்டான். இவ்வளவுதான் இதற்கு வேண்டியிருந்தது என்று நினைத்தபோது எனக்குக் கோபம் குறையவில்லை. கூடியது.

"ரெண்டு நாள் ஆகும்" என்றேன்.

அவன் நவம்பர் தாளை மேசையில் வைத்தான். "சரி" என்றான்.

பென்சிலை எடுத்தேன். எட்டு. ஒன்பது. பத்தாம் தேதித் தாளின் கீழ் மூலையில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பொடி எழுத்தில் எழுதினேன்: 'லாய்டுக்குப் பதில்.'