ரிலீவர் வரவில்லை

வல்லம் சாலையில் இருக்கும் பவர் பிளான்ட்டின் கேட்டைத் தாண்டி இளையபெருமாள் வெளியே கால் வைத்தால், அந்தக் கால் கன்ட்ரோல் ரூமுக்குள்ளேதான் விழும். இருபத்தோரு வருஷமாக இப்படித்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சந்தையில் மல்லாட்டை மூட்டை விலை சொல்கிற மாதிரி.

அந்த பிளான்ட் ஊருக்கு விளக்கெரிக்கக் கட்டியதல்ல. பக்கத்திலிருக்கும் அலுமினியத் தொழிற்சாலைக்காக மட்டும் நிலக்கரி எரித்துக் கரண்ட் எடுக்கிறது. ஊரில் கரண்ட் போனாலும் அங்கே போகாது, போகவும் கூடாது. தொழிற்சாலைத் தொட்டிகளில் அலுமினியம் குழம்பாகக் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாலு மணி நேரம் கரண்ட் நின்றால் அத்தனையும் தொட்டியோடு இறுகிப்போகும், அப்புறம் கடப்பாறைக்கும் அசையாது. அதனால் கன்ட்ரோல் ரூமில் ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிப்ட்காரர், அதாவது ரிலீவர், நேரில் வந்து லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் முந்தைய ஆள் எழலாம். ரிலீவர் வரவில்லையென்றால், வீட்டில் இழவே விழுந்தாலும் எழக்கூடாது.

இளையபெருமாள் எழுந்தார். அன்றைக்கு அவர் மனைவி மதுமதிக்கு வலி கண்டு செஞ்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தலைப்பிரசவம். இரண்டு மணி ஷிப்டுக்கு பீமாராவ் எப்படியும் வந்துவிடுவார், அரை மணிதானே என்று, ஒன்றரைக்கே ‘பீமாராவிடம் பொறுப்பை ஒப்படைத்தேன்’ என்றெழுதி, அவர் கையெழுத்தையும் தானே போட்டார். அந்த அறையில் எல்லோரும் செய்கிற காரியம்தான். யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை. ஆனால் பீமாராவ், மகராசன், ஒருத்தரிடமும் மூச்சு விடாமல் அன்று காலையே மஸ்கட் வேலைக்கு விமானம் ஏறியிருந்தார். இளையபெருமாள் டிபன் கேரியரோடு கேட்டைத் தாண்டினார். எதிரே அவருடைய நாற்காலியே நின்றது. மூன்று தடவை முயன்று, வியர்த்து வழிந்து அதில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. பெண் குழந்தை என்றார்கள்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஆம்புலன்ஸில் படுக்கவைத்து அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் மட்டும் செஞ்சி போய்ச் சேர்ந்தது. செங்கல் சூளைக்குப் போகும் சாம்பல் லாரியில் ஒளித்து அனுப்பினார்கள். தலையெல்லாம் சாம்பலோடு அதே நாற்காலியில் தும்மிக்கொண்டிருந்தார். மூன்றாம் வருஷம், கூட வேலை பார்த்த விநாயகம் மனசு கேட்காமல், ரிலீவராக முறைப்படி கையெழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இளையபெருமாள் வெளியே போனார், நிஜமாகவே போனார். வேப்பமரத்தடியில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினார். கேமரா திரையில் அவரைப் பார்த்த சந்தோஷத்தில் விநாயகம், உதவியாளை உட்காரவைத்துவிட்டு கேட்டுக்கு ஓடிவந்து வெளியே ஒரு கால் வைத்தார். ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் கன்ட்ரோல் ரூமிலிருந்து காவலாளியின் போனில் விநாயகம் அழுதார்: “அண்ணே, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுண்ணே.” வந்து நின்ற பஸ்ஸை அனுப்பிவிட்டு இளையபெருமாள் உள்ளே போய், கையெழுத்துப் போட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து விநாயகத்தை வீட்டுக்கு அனுப்பினார்.

அதற்கப்புறம் யாரும் முயலவில்லை. கம்பெனி ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை தோறும் மதுமதி கேட்டுக் கம்பி வழியே கேரியரை நீட்டுவாள். மகள் நிலாவுக்குப் பல் முளைத்ததையும், பள்ளிச் சீருடையையும், முதல் தாவணியையும் அவர் அந்தக் கம்பிக்கு நடுவில்தான் பார்த்தார். அப்பா எங்கே என்று வாத்தியார் கேட்டால் அவள், “எங்க நைனா ஷிப்ட்ல இருக்காரு” என்பாள். வாத்தியாரும் சரி உட்கார் என்பார்.

நிலா எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தாள். சென்னையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு இதே பிளான்ட்டில் சேர்ந்தாள். முதல் நாள் இரண்டு மணிக்கு கன்ட்ரோல் ரூமுக்குள் வந்து, கம்பி இல்லாமல் முதல் தடவையாக அப்பாவின் தோளைத் தொட்டாள்.

“ரிலீவர் வந்தாச்சு நைனா. எழுந்திரு.”

“இன்னா வெளையாட்றியா? விநாயகம் கதை தெரியுமில்ல?”

“தெரியும். ஒருநாள் தானே. நீ வூட்டுக்குப் போயி அம்மாகூட ஒக்காந்து சாப்ட்டு நாளைக்கி வா. நான் இருக்கேன்.”

அவருக்குப் போகவேண்டும் போல இருந்தது. ஐயோ, எப்படி இருந்தது! மதுமதியின் குழம்பை அவர் சூடாகச் சாப்பிட்டு இருபத்தோரு வருஷம் ஆகிறது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டார். நிலா புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினாள். அரை மணிதானே என்று தான் நினைத்தது அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது.

“இரு, இரு. மொதல்ல ரெண்டேகால் பஸ் வருதான்னு ரோட்ல போயி பாத்துட்டு வா. அது போயிட்டா நான் இன்னாத்துல போறது?”

அதை நம்பி நிலா ஓடினாள். கேமரா திரையில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நிலா கேட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தாள், இன்னொரு கால் வைத்தாள். இரண்டும் ரோட்டில்தான் இருந்தன. வேப்பமரத்தடியில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து பஸ்ஸைத் தேடினாள். அவர் பேனாவை எடுத்து எழுதினார்: ‘மணி 2. ரிலீவர் வரவில்லை. டூட்டி தொடர்கிறது.’ கீழே தன் கையெழுத்தை மட்டும் போட்டார். அந்தப் புத்தகத்தில் அவர் எழுதிய இரண்டாவது பொய் அது.

திரும்பி வந்து படித்த நிலா புத்தகத்தை வீசியெறிந்தாள், அழுதாள். பிறகு அவளுக்குப் பக்கத்து அறையில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். இப்போதும் தினம் இரண்டு மணிக்குப் பேனாவோடு வந்து நிற்கிறாள். அவரும் தினம் பஸ் பார்க்க அனுப்புகிறார். எதற்கென்று தெரிந்தேதான் அவள் போகிறாள். கேட்டைத் தாண்டி, இரண்டு காலையும் ரோட்டில் ஊன்றி, கேமராவைப் பார்த்துக் கை ஆட்டுகிறாள். ரெண்டேகால் பஸ் அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். கண்டக்டர் தலையை நீட்டி, “இன்னிக்கும் இல்லியாம்மா?” என்று கேட்டுவிட்டு விசிலடிப்பார்.