தட்டின் அடியில் சிவப்புப் பொட்டு

ஜோலீன் நாற்காலிமேல் ஏறிப் புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். அப்புறமும் எங்கோ 'பீப்' என்றது.

"என்னப்பா இது, நான் வந்ததுலேருந்து கத்துது?"

அப்பா ஹாலில் நாற்காலியில் இருந்தார். நேற்று மதியம் அம்மா மார்லிஸ் இந்தச் சமையலறைத் தரையில் விழுந்து, இங்கேயே இறந்துபோனாள். அப்போது பேயறைந்தவர்போல உட்கார்ந்த அப்பா இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டால் போதும் என்று இருந்தது ஜோலீனுக்கு.

தேவாலயத்துப் பெண்கள் கொண்டுவந்த ஹாட்டிஷ், உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்டது, அலுமினியத் தட்டில் இருந்தது. அப்படியே மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். பீங்கான் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் நகப்பூச்சில் சிவப்புப் பொட்டு. தங்க விளிம்பு வைத்த கல்யாணத் தட்டை அப்பா உள்ளே வைத்து மத்தாப்பு விட்ட நாளிலிருந்து, வைக்கக்கூடாதவற்றுக்கெல்லாம் அம்மா பொட்டு வைத்தாள். "உங்கப்பாவுக்கு டிராக்டரப் பிரிச்சு மாட்டத் தெரியும், ஒரு தட்டு எடுக்கத் தெரியாது" என்பாள்.

பொட்டில்லாத தட்டோடு மைக்ரோவேவைத் திறந்தாள். உள்ளே மெழுகுத்தாள் மூடிய தட்டு. நேற்றைய கறியும் பட்டாணியும், அப்பாவுக்கு அம்மா வைத்தது. பீப் சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஏன் திறந்தே?" அப்பா சமையலறை வாசலில் நின்றார்.

"இதுவாப்பா கத்திட்டிருந்துச்சு?"

"எடுக்கற வரைக்கும் கூப்பிடும். நேத்து நான் கீழ்த்தளத்துல ரம்பம் தீட்டிட்டிருந்தேன். அது கூப்பிடக் கூப்பிட, வரேன் வரேன்னு சொல்லிட்டே இருந்தேன். அவ இங்க விழுந்து கெடந்திருக்கா."

ஜோலீன் அந்தத் தட்டை வெளியே எடுத்தாள். அப்பா திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பழைய தட்டைக் கொட்ட மனம் வரவில்லை, ஓரமாக வைத்தாள். ஹாட்டிஷைப் பொட்டில்லாத தட்டுக்கு மாற்றி, மெழுகுத்தாளால் மூடி, பொத்தானை அழுத்தினாள். சுற்றி முடித்து, பீப் என்றது. அவள் திறக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுபடி பீப்.

ஹாலில் நாற்காலி நகர்ந்தது.

"வந்துட்டேன்" என்றார் அப்பா. ஜோலீனைப் பார்க்காமல் தாண்டிப் போய், மைக்ரோவேவ் கதவை அவரே திறந்தார்.