சாலைக்கு எந்தக் கரை

ஸோராம் ப்லியென் வியட்நாம் மலைக்காட்டில் வனக்காவல் வேலை பார்த்தாள். ஊருக்கு மேலே ஓடும் ஓடையின் இடக்கரையில் ஒரு குட்டை. அதன்மேல் சாய்ந்த கிளைகளில் மரத்தவளைகள் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். வலக்கரைப் புதர்க்காட்டில் நாய்போலக் குரைக்கும் சின்ன மான்கள். புதுச் சாலை இரண்டில் ஒரு கரையைத் தின்றாக வேண்டும்.

அளக்க வந்த அதிகாரி ஹுவான் அவளிடமே கேட்டார்.

"தினம் பாக்குறது நீங்கதாம்மா. ரெண்டுல எத விட்டுக்குடுக்கலாம்?"

அவள் இரண்டு கரையையும் பார்த்தாள். மான் நாலுகால் பாய்ச்சலில் முகடு தாண்டிவிடும். தவளையும் மரம் விட்டு மரம் தாவும்தான். ஆனால் முட்டையிட அந்த ஒரு குட்டைதான்.

"மானு ஓடிப் பொழச்சுக்கும். தவளைக்குப் போக்கிடம் இல்லைங்க" என்றாள்.

ஊரில் தம்பி பூன் சிரித்தான்.

"ஒரு வாய்க் கறி தேறாத தவளைக்கு வக்காலத்தா, அக்கா?"

"நீ மானுக்குக் கண்ணி வெக்காம இருடா, அது போதும்."

"முகட்டுக்கு அந்தாண்ட உன் காவல் கிடையாதுல்ல?"

வலக்கரையில் இயந்திரங்கள் இறங்கின. குரைப்புச் சத்தம் சில நாள் மேலே மேலே போய், பிறகு கேட்கவே இல்லை. பிழைத்துப் போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மழை பிடித்தது. வெட்டிப்போட்ட மலைச்சரிவு கரைந்து ஓடையில் இறங்கி, ஓடை புரண்டு, சேறு முழுவதும் குட்டையில் வந்து நிறைந்தது. அவள் போய்ப் பார்த்தபோது நுரைக்கூட்டிலிருந்து விழுந்த தலைப்பிரட்டைகள் களிமண்ணில் நெளிந்துகொண்டிருந்தன. கைக்குச் சிக்கியதை இலையோடு வாரிப் பானை நீரில் விட்டாள். வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் வெளுத்து மிதந்தன. கிளைகளில் பெரிய தவளை ஒன்றையும் காணோம்.

அன்று சாயங்காலம் பூன் ஒரு பொட்டலத்தோடு வந்தான். வேட்டை கிடைத்தால் உறவுக்குப் பங்கு கொடுப்பது அவர்கள் வழக்கம்.

"முகட்டுக்கு அந்தாண்ட கண்ணியில மானு விழுந்துச்சு. பயந்து ஓடி வந்ததுங்கதான் போல, ஒண்ணு பின்னால ஒண்ணா மாட்டிக்கிச்சு. இனிமே அங்கயும் ஒண்ணும் இல்ல, அக்கா."

திட்ட வாயெடுத்தாள். ஓடச் சொன்னது யார் என்ற நினைப்பு குறுக்கே வந்தது.

"கறி வேண்டாமா?" என்றான்.

உள்ளே அவள் பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய் அடுப்பை மூட்டினாள்.