ரோசரிக்கென்று வாங்கிய பட்டாணி

ஸ்டானிஸ்லாஸ் நல்ல மனிதன்தான். குடிக்க மாட்டான், பெண்டாட்டி மேல் கை நீட்ட மாட்டான். சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் லோரி ஓட்டினான். வாரம் இரண்டு தடவை ஈப்போவுக்குப் போய்வருவான். தட்டில் விழுவதைச் சாப்பிடுவான். அடுப்படிப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டான்.

எழுபத்தாறாம் வருடத் தவக்காலம் அது. அவன் மனைவி ரோசரிக்கு ஏழாம் மாதம். மூத்தவள் டோரிஸுக்கு ஆறு வயது. அவளுக்குப் பிறகு இரண்டு கரு தங்கவில்லை. இதுவாவது தங்கட்டும் என்று, நாற்பது நாளும் சுத்தபோசனம் இருப்பதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள் ரோசரி. கறி, மீன், முட்டை எதையும் தொடவில்லை. அவளுக்காக அவனும் விட்டுவிட்டான்.

கிளினிக்கில் நர்ஸ் விமலாதேவி மிஸ்ஸி அவள் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு அவனை உள்ளே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

"உங்கட மனுசிக்கு ரத்தமே இல்லை. மாத்திரை போட்டால் சத்தி எடுக்கிறாவாம். ஈரல் சாப்பிடுங்கோ எண்டால் நேர்த்தி எண்டுறா."

"சாமிக்கு நேந்துகிட்டத எப்படி மிஸ்ஸி மீறுறது?"

"அப்ப பச்சைப் பட்டாணியாவது குடுங்கோ. அதில புரதம் இருக்கு, இரும்பு இருக்கு, வயித்துப் பிள்ளைக்கு வேண்டிய ஃபோலிக் சத்து இருக்கு. ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை. கனக்க அவிக்காதேங்கோ, சத்துத் தண்ணியோட போயிடும். மாத்திரையையும் விடவேண்டாம்."

ஸ்டானிஸ்லாஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஈப்போ பசாரில் கேமரன் மலைப் பட்டாணி வந்திருக்கும். பை நிறைய வாங்கி, வாடாமல் லோரியில் தன் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவருவான். டோரிஸ் மடியில் போட்டு உரிப்பாள். ரோசரி சீரகம் தாளித்து, தேங்காய்ப்பூ தூவி இறக்குவாள், வீடே மணக்கும். இறக்கியதும் அவன் தட்டில்தான் போடுவாள்.

"எனக்கு ஏன் போடுற? ஒனக்கு வாங்குனதுலா."

"எனக்குச் சட்டியில இருக்குலா. கறியில்லாம லோரி ஓட்டுறீங்க, சாப்பிடுங்க."

தோட்டத்து லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆம்பிளை எழுந்த பிறகு பிள்ளை, பிள்ளைக்குப் பிறகு மிச்சம் மீதியில் பெண். பட்டாணி ருசியாக இருந்தது. சில நாள் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக்கூடச் சாப்பிட்டான். ஒரு சட்டி மூடியைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரமாகும்? பாவி மனுசன், ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

பெரிய வியாழனன்று ரோசரிக்கு வலி கண்டது. ஆண் குழந்தை, உயிரோடுதான் பிறந்தது. அவளுக்குத்தான் உதிரம் நிற்கவில்லை. உடம்பில் ரத்தம் இருந்தால்தானே தாங்குவாள்? ஊரே ஈஸ்டர் கொண்டாடிய அன்று உயிர் பிரிந்தது; மறுநாள் அவளை அடக்கம் செய்தார்கள்.

துக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் அவன் ஒன்றையே சொன்னான். "என்னால முடிஞ்சதச் செஞ்சேன். ஒரு நாள் தவறாமப் பட்டாணி வாங்கிப் போட்டேன்." அதைச் சொல்லும்போது மட்டும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

எட்டாம் நாள் பக்கத்து வீட்டுக் காளியம்மா வந்து, குழந்தையைத் தொட்டிலில் தூங்கவைத்துவிட்டு, ரோசரியின் அடுப்பிலேயே சமைத்தாள். கூடையில் கடைசியாக வாடிக் கிடந்த பட்டாணியைப் பிரட்டி, அப்பனுக்கும் மகளுக்கும் தட்டில் போட்டாள். டோரிஸ் தன் தட்டிலிருந்த பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவன் தட்டில் வைத்தாள்.

"ஏம்மா, பிடிக்கலையா?"

"பிடிக்கும்பா. ஆனா பட்டாணி அப்பாவுக்குத்தானே. அம்மா எல்லாத்தையும் ஒங்களுக்குத்தான் போடுவாங்க."

"அப்ப அம்மா என்ன சாப்பிட்டாங்க?"

"ரசம் ஊத்திக்குவாங்க. சட்டியில ஒண்ணும் இருக்காதே."

அவன் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. அடுப்படி வாசலில் காளியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சாப்பிட்டீங்களாக்கா?"

"எனக்குச் சட்டியில இருக்கு தம்பி. நீங்க சாப்பிடுங்க."

ஸ்டானிஸ்லாஸ் எச்சில் கையோடு எழுந்தான். நேரே அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தான். சட்டி காலியாக இருந்தது. மூடியைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து, அவள் செத்த அன்றுகூட அழாத அழுகை அழுதான்.