தப்பான முறைக்கு ஓர் உதாரணம்

சாவுச் செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்கு ஓர் ஆன்லைன் வீடியோ பாடம். எழுதுவது மோகனப்பிரியா. டாக்டராக நடிப்பது பொதுமருத்துவத் துறைத் தலைவர் குமரகுரு. இந்த இரண்டு பேரையும் ஒரே குழுவில் போட்ட கல்லூரி முதல்வரை என்ன சொல்வது!

போன ஆடியில், மோகனப்பிரியா இந்தக் கல்லூரியில் சேருமுன், அவள் அப்பா குமரகுருவின் வார்டில்தான் இறந்தார். காதில் செல்போனோடு வந்த மனிதர், "முடிஞ்சுதுங்க, ஆம்புலன்சுக்குச் சொல்லிக்குங்க" என்றுவிட்டு நடையைக் கட்டினார். "ஏனுங்க, என்னுங்க முடிஞ்சுது?" என்று அம்மா அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள். பக்கத்தில் நின்ற மோகனப்பிரியா அதை இன்னும் மறக்கவில்லை.

பாடத்தை இருவரும் ஒரே கோப்பில் திருத்தினார்கள். 'முதலில் உட்காரச் சொல்லுங்கள்' என்று அவள் எழுதினால் அவர் அடிப்பார். அவள் மறுபடி எழுதுவாள். 'நேர விரயம்' என்று ஓரத்தில் குறிப்புப் போடுவார். இப்படியே பத்து நாள் மல்லுக்கட்டு. கடைசியில் 'தப்பான முறை' என்ற காட்சியில் அவர் அன்று சொன்னதையே எழுதி வைத்தாள். படித்ததும் அந்த ஆளுக்கு உறைக்க வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியதில்லை.

படப்பிடிப்பன்று குமரகுரு காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க மேடம், எந்த டாக்டருங்க இப்படிப் பேசுவான்? கொஞ்சம் நம்பற மாதிரி எழுதுங்க."

"நீங்கதானுங்க பேசுனீங்க சார். எங்கப்பா செத்தன்னிக்கு, எங்கம்மாகிட்ட."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இருக்குமுங்க. தினமும் சாவு பாக்கறோம். செத்தவங்க ஒவ்வொருத்தரையும் ஞாபகம் வச்சுக்கிட்டு இருந்தா பொழப்பு ஓடுமுங்களா? சட்டுனு எடுங்க, ஓ.பி.யில சனம் நிக்குது."

கேமராவுக்குப் பின்னாலிருந்து, படமெடுக்கும் அன்பரசு தயங்கித் தயங்கிச் சொன்னான். "மேடம், கேமரா ஓடிக்கிட்டுத்தானுங்க இருந்துச்சு. இத வெட்டிரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. நான் எழுதுனத வெட்டிருங்க. தப்பான முறைக்கு சார் இப்பப் பேசுனதையே வச்சுக்கலாம்."

"மேடம், பசங்க அத்தன பேரும் பாப்பாங்களே" என்றார் குமரகுரு. குரல் இறங்கியிருந்தது.

"பாக்கட்டுங்க சார். அதுக்குத்தானுங்க பாடம்."